18 அங்குலத்திலிருந்து 20-க்குப் போகலாமா? வேகமான செடானுக்கு வீலும் டயரும்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் எழுதிக்கொள்கிறேன். உங்களுடையது டர்போ இன்ஜின், சுமார் 380 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிற செடான். கம்பெனியிலிருந்து வந்த வீல் 18 அங்குலம், 8.5ஜே அகலம் (அதாவது 8.5 அங்குலம்), ஈடி எனப்படும் ஆஃப்செட் 35. டயர் 245/40 ஆர்18 97ஒய் (97 சுமைக்கான எண், ஒய் வேகத்துக்கான எழுத்து). இதைக் கழற்றிவிட்டு 20 அங்குலம், 9.5ஜே, ஈடி 25 வீலும் 265/30 ஆர்20 94ஒய் டயரும் போடலாமா, போட்டால் பிடிப்பு கூடுமா, எந்த டயர் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "பார்க்க நன்றாக இருக்க வேண்டும், ஆனால் வண்டியின் ஓட்டம் கெடக் கூடாது." உண்மையில் நீங்கள் கேட்பது இந்த ஒரு வரியைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

டயர் மாற்றுவது, பேலன்சிங், அலைன்மென்ட் என்று இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருக்கிறேன். என் பதில்: 20 அங்குலம் வேண்டாம். 18 அங்குலத்திலேயே இருந்து, கொஞ்சம் அகலமான, எடை குறைந்த வீலும் முதல்தரமான டயரும் போடுவது உங்கள் காருக்கு மிகச் சிறந்தது. பெரிய வீல்தான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால் 19 வரை போகலாம், பெரிய நஷ்டம் இல்லை. இரண்டில் எதுவானாலும் டயரை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் அந்த டயருக்கு ஏற்ற வீலைத் தேடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீலில் பணத்தையெல்லாம் போட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கிடைக்கிற டயரை மாட்டுகிறார்கள்.

ஏன் டயர் முதலில்? சாலையைத் தொடுவது அது ஒன்றுதான். ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஒரு உள்ளங்கை அகலம். 380 குதிரைத்திறனும், பிரேக்கின் முழு பலமும், வளைவில் வண்டியை வெளியே தள்ளுகிற விசையும் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே பிடிப்பைத் தருவது ரப்பரின் கலவையும் டயருக்குள் இருக்கிற கட்டுமானமும். வீல் தானாகப் பிடிப்பைத் தராது. டயரைச் சரியான வடிவத்தில் பிடித்துக்கொள்வது, பிரேக்குக்கு இடம் விடுவது, எடையைக் கூட்டுவது அல்லது குறைப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. சாதாரண சொகுசு டயரைக் கழற்றிவிட்டு அதே அளவில் ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் டயரைப் போட்டால், ஈரச் சாலையில் பிரேக் அடிக்கும்போதே வித்தியாசம் தெரியும். டயரை மாற்றாமல் வீலை மட்டும் மாற்றி அந்த வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது.

உங்கள் காருக்குப் பொருந்துகிற டயர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். தினமும் ஓட்டுகிற, மழையிலும் நம்பக்கூடிய உயர்ரக கோடைக்கால டயர்கள் ஒரு வகை: மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட் போன்றவை. பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்து, சாலையிலும் ஓட்ட அனுமதி பெற்றவை இன்னொரு வகை: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052 மாதிரி. காய்ந்த தடத்தில் இவற்றின் பிடிப்பு அபாரம். ஆனால் சீக்கிரம் தேயும், சத்தம் அதிகம், தண்ணீர் தேங்கிய சாலையில் முதல் வகை அளவுக்கு நம்ப முடியாது. எல்லாப் பருவத்துக்குமான டயர்கள் மூன்றாவது வகை. மாதத்தில் ஓரிரு நாள் கூடப் பந்தயத் தடத்துக்குப் போகாதவர் இரண்டாவது வகையைத் தொட வேண்டியதில்லை என்பது என் கருத்து. நீங்கள் வேலைக்கும் குடும்பத்தோடும் போகிற கார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதல் வகை. ஒரு எச்சரிக்கை: வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடைக்கால ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். உறைகிற குளிரில் அதை ஓட்டவே கூடாது. அப்படிக் குளிர்கிற இடம் என்றால் குளிர்காலத்துக்குத் தனியாக ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செட்டுக்கு உங்கள் பழைய 18 அங்குல வீலே போதும்.

டயரில் அச்சிட்டிருக்கும் 'ட்ரெட்வேர்' (தேய்மான) எண்ணைப் பார்த்து எது அதிக நாள் உழைக்கும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்கிறார். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். இரண்டு கம்பெனிகளின் 300-ஐ எதிரெதிரே வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் குறைவு. ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிப்புக்குப் போடும் ஏ, பி, சி தரம் எனக்கு இன்னும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. அப்புறம் சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், உள்ள நான்கு இலக்கத் தேதி: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நான்கு டயரிலும் இதைப் பாருங்கள். சில டயர்களில் நட்சத்திரக் குறியோ, எம்ஓ, ஏஓ போன்ற எழுத்துகளோ இருக்கும். பிஎம்டபிள்யூ, மெர்சிடீஸ், ஆடி ஆகியவை தங்கள் கார்களுக்கென்று ஒப்புதல் கொடுத்தவை என்று பொருள். பெயர் ஒன்றாக இருந்தாலும் குறி உள்ளதும் இல்லாததும் உள்ளே கொஞ்சம் வேறு டயர். ஒரே காரில் இரண்டையும் கலக்காதீர்கள்.

இனி அளவு. 245/40 ஆர்18 என்றால் அகலம் 245 மி.மீ., சைடுவாலின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 98 மி.மீ. 18 அங்குலம் என்பது 457.2 மி.மீ. இதோடு மேலும் கீழும் 98-ஐக் கூட்டினால் மொத்த விட்டம் 653.2 மி.மீ. நீங்கள் பார்த்து வைத்திருக்கிற 265/30 ஆர்20-க்கு இதே கணக்கு 667 மி.மீ. வருகிறது. 2.1 சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி, முன்பு அதே எண்ணில் போனதைவிட 2 கி.மீ. கூடுதலாகப் போகும். சர்வதேச விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, கூடுதலாகக் காட்டலாம். அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே வைத்திருப்பார்கள். 2 சதவீதத்தில் பெரும்பாலும் சிக்கல் வராது, ஆனால் அந்த இடைவெளியில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவீர்கள். நான் 1.5 சதவீதத்துக்குமேல் போக விடுவதில்லை. 255/35 ஆர்19 போட்டால் 661.1 மி.மீ., 1.2 சதவீதம் கூடுதல். 18 அங்குலத்திலேயே 255/40 போட்டாலும் 661.2, கிட்டத்தட்ட அதேதான்.

விட்டத்தைவிட முக்கியம் சைடுவாலின் உயரம். 98 மி.மீ. இருந்தது 20 அங்குலத்தில் 79.5 ஆகிவிடும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது சைடுவாலும் உள்ளே இருக்கிற காற்றும்தான் முதல் அடியை வாங்குகின்றன, ஷாக் அப்சார்பர் அதற்குப் பிறகுதான் வருகிறது. சைடுவால் மெலிந்தால் அந்த அடி ரிம்முக்குப் போகும். என்னிடம் வளைந்தும் விரிசல் விட்டும் வருகிற அலாய் வீல்களில் மிகப் பெரும்பாலானவை 30, 35 சீரிஸ் டயர் (சைடுவால் அகலத்தில் 30, 35 சதவீதம்) போட்டவை. உள்விளிம்பில் முடி போல ஒரு விரிசல் விட்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்று மட்டும் வாரத்துக்கு ஒருமுறை குறையும். 1970-களில் போர்ஷ 911 டர்போவுக்குக் கொடுத்த பிரெல்லி பி7-இல் பின் டயர் 50 சீரிஸ். அன்றைக்கு அதுவே ஆச்சரியப்படும்படியான மெல்லிய டயர். இன்று நாம் 30-ஐச் சாதாரணமாகப் பேசுகிறோம். மெல்லிய சைடுவாலுக்குப் பலன் இல்லாமல் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும். ஆனால் 40-இலிருந்து 35-க்கு வரும்போதே அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. சாலை மேடுபள்ளமாக இருந்தால் 30 சீரிஸ் டயர் தரையோடு ஒட்டி ஓடாமல் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் பிடிப்பே கிடையாது.

அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா என்று கேட்டீர்கள். வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் இருக்கிற காற்றின் அழுத்தம். எடையும் அழுத்தமும் மாறாதபோது தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறாது, அதன் வடிவம்தான் மாறும். அகலமான டயரில் அந்தப் பகுதி அகலமாகவும் நீளம் குறைந்தும் இருக்கும். வளைவில் அது உதவுகிறது, சூடும் பரவுகிறது. தேங்கிய தண்ணீரில் அதுவே எதிராகத் திரும்பும். அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும், ஆகவே சீக்கிரமே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். 245-இலிருந்து 255 போவதில் இந்த இழப்பு மிகச் சிறியது. அகலத்தைவிட, அந்த அகலத்துக்குச் சரியான ரிம் கொடுப்பதில் பலன் அதிகம். 255/40 ஆர்18-ஐ 8.5 முதல் 10ஜே வரையான ரிம்மில் போடலாம் என்கிறார்கள். 9ஜே-யில் அது நேராக, விறைப்பாக நிற்கும். அகலமான ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்து மாட்டுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அழகுக்காகச் செய்வது. ரிம்மின் உதடு வெளியே தெரிந்துகொண்டு பள்ளத்துக்காகக் காத்திருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆஃப்செட்டுக்கு வருகிறேன். தவறு அதிகம் நடக்கிற இடம் இது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீலின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் (காரில் வீலை மாட்டுகிற நடுப்பகுதியில்) உட்காருகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்புறமாக எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறதோ அதுதான் ஈடி எண். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். உங்கள் இப்போதைய 8.5ஜே வீலின் பாதி அகலம் 107.95 மி.மீ., நீங்கள் பார்த்த 9.5ஜே-யின் பாதி அகலம் 120.65. கணக்குப் போட்டால் புதிய வீலின் வெளிவிளிம்பு இப்போது இருப்பதைவிட 22.7 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 2.7 மி.மீ. உள்ளே போகும். 22.7 மி.மீ. என்பது விளையாட்டில்லை. முழுச் சுமையில் பின்பக்கம் அமுங்கும்போது டயர் ஃபெண்டரின் (சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டின்) உதட்டில் உரசும் வாய்ப்பு அதிகம். உரசாவிட்டாலும் இன்னொரு விளைவு இருக்கிறது. முன்சக்கரம் திரும்புகிற அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும், டயரின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கம்பெனிக்காரர்கள் மிக நுணுக்கமாக வைத்திருப்பார்கள். ஆஃப்செட்டை மாற்றினால் அந்தத் தூரம் அப்படியே மாறும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஈரத்திலோ மணலிலோ இருக்கும்போது பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். சாலையில் சக்கரத் தடம் பதிந்து பள்ளமாகியிருந்தால் வண்டி அந்தத் தடத்தைப் பின்பற்றி ஓடப் பார்க்கும். வீல் பேரிங்கின் மேல் நெம்புகிற விசையும் கூடும். 9.5-க்குப் பதில் 9ஜே-யை ஈடி 35-இல் எடுத்தால் இருபுறமும் 6.35 மி.மீ. மட்டும்தான் மாறுகிறது. டயரின் நடுக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் விரும்புவது அப்படித்தான். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போட்டு வெளியே தள்ளினாலும் கணக்கு இதேதான், கூடவே போல்ட்டின் நீளத்தையும் மாற்ற வேண்டிவரும்.

உள்பக்கம் 6 மி.மீ. இடம் இருக்கிறதா என்பதை உங்கள் காரில் அளந்துதான் சொல்ல முடியும். ஒரே மாடலில் கூட சஸ்பென்ஷன் வகையையும் பிரேக்கையும் பொறுத்து இது மாறும். வண்டியைத் தூக்கிப் பழைய டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பியும் அளக்க வேண்டும். அப்புறம் பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பகுதி. 18 அங்குலம் என்பதாலேயே எல்லா 18 அங்குல வீலும் உங்கள் காலிப்பர் மேல் ஏறிவிடாது. ஆரக்கால் எப்படி வளைந்து வருகிறது என்பதே தீர்மானிக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் காலிப்பருக்கான அட்டை வடிவத்தை அச்சிடக் கொடுப்பார்கள். அதை வெட்டி உங்கள் பிரேக்கில் வைத்துப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள். உள்ளே ஒட்டுகிற பேலன்சிங் எடைக்கும் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பொருத்துகிற இடத்தில் சமரசமே கூடாது. உங்கள் போல்ட் வட்டம் 5×112 என்று எழுதியிருக்கிறீர்கள். 5×114.3 வீலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொரு போல்ட்டும் 1.15 மி.மீ. தள்ளி உட்காரும். முறுக்கி ஏற்றிவிடலாம், ஆனால் அது ஒரு நாள் தளரும் அல்லது உடையும். போல்ட்டின் தலை உட்காருகிற இடம் உருண்டையா கூம்பா என்பதும் அதே அளவு முக்கியம். கம்பெனி வீலுக்கு உருண்டைத் தலை போல்ட் இருந்து, புதிய வீலுக்குக் கூம்பு வேண்டியிருந்தால், பழைய போல்ட்டை ஒருபோதும் போடாதீர்கள். தொடுகிற இடம் ஒரு மெல்லிய வளையமாகச் சுருங்கிவிடும். டார்க் ரென்ச் (இறுக்குகிற விசையை அளக்கும் ஸ்பேனர்) சரியான எண்ணைக் காட்டினாலும் பிடிமானம் இருக்காது. போல்ட் உள்ளே எத்தனை சுற்றுப் போகிறது என்று கையால் எண்ணிப் பாருங்கள். விட்டத்துக்கு நிகரான ஆழம் போக வேண்டும் என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. 14 மி.மீ. போல்ட், சுற்றுக்கு 1.5 மி.மீ. இறங்குகிற மரை என்றால் ஒன்பது சுற்றுக்கு மேல்.

சந்தையில் விற்கிற பல வீல்களில் நடுத்துளையைப் பெரிதாக விட்டு, ஒவ்வொரு காருக்கும் ஏற்ற ஹப் வளையம் கொடுப்பார்கள். வேலைக்கு வந்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். ஒருவர் புது வீல் போட்டுக்கொண்டு போனார், மறுநாளே வந்து 100 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றார். மூன்று முறை பேலன்சிங் செய்தேன், மெஷினில் எல்லாம் பூஜ்யம். அலைன்மென்ட்டும் பார்த்தேன். நான்காவது முறை வீலைக் கழற்றி வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் ஒரு சக்கரத்தில் வளையமே இல்லை என்று தெரிந்தது. பேலன்சிங் மெஷின் வீலை அதன் நடுத்துளையில் பிடித்துச் சுழற்றுகிறது. காரில் அதே நடுவில் உட்காராவிட்டால் மெஷின் சொன்னதற்கு மதிப்பில்லை. அந்த மனிதர் மூன்று நாள் என்னால் அலைந்தார். அன்றிலிருந்து நான்கு வளையத்தையும் கையில் எண்ணிய பிறகே வீலைத் தூக்குகிறேன்.

சுமை தாங்கும் எண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். உங்கள் டயரில் உள்ள 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். 265/30 ஆர்20-இல் உள்ள 94 என்றால் 670 கிலோ. கதவுத் தூணில் உள்ள தகட்டில் ஒவ்வொரு ஆக்ஸிலும் தாங்கக்கூடிய உச்ச எடை போட்டிருக்கும். பின் ஆக்ஸில் 1,250 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு டயருக்கு 625. காகிதத்தில் 670 போதும். ஆனால் மீதி 45 கிலோதான். அந்த 670-உம் டயர் தன் முழு அழுத்தத்தில் இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். 'எக்ஸ்எல்' (கூடுதல் சுமைக்கான) டயர் தன் முழுச் சுமையைத் தாங்க ஐரோப்பிய கணக்கில் 2.9 பார் அழுத்தம் வேண்டும். அவ்வளவு காற்று அடித்தால் ஏற்கெனவே விறைப்பான 30 சீரிஸ் டயர் கல்லாகிவிடும். 255/35 ஆர்19 96ஒய் என்றால் 710 கிலோ, 255/40 ஆர்18 99ஒய் என்றால் 775. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகாமல் இருப்பதே எளிய, பாதுகாப்பான வழி. பல இடங்களில் சட்டமும் இன்சூரன்சும் அதைத்தான் கேட்கும். 19-க்குப் போனால் 97 கிடைக்காமல் 96-ஆக இருக்கலாம். உங்கள் கார் மாடலுக்குக் கம்பெனியே 19 அங்குலத்தில் என்ன எண் அனுமதித்திருக்கிறது என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒய் என்பது மணிக்கு 300 கி.மீ. வரை. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வீலுக்கும் சுமை எண் உண்டு. பின்பக்கம் பொறித்திருக்கும், ஆக்ஸில் எடையில் பாதிக்குக் கீழே இருக்கவே கூடாது.

வீல் செய்யும் முறையில் மூன்று உண்டு: உருக்கி வார்த்தது, வார்த்தபின் ரிம் பகுதியைச் சூட்டில் உருட்டி நீட்டியது, முழுக் கட்டியை அழுத்தி அடித்துச் செய்தது. இவற்றைக் காஸ்ட், ஃப்ளோ ஃபார்ம்டு, ஃபோர்ஜ்டு என்பார்கள். உருட்டும்போதும் அழுத்தும்போதும் உலோகம் இறுகுவதால் அதே பலத்தைக் குறைந்த எடையில் கொண்டுவர முடியும். ஃப்ளோ ஃபார்ம்டில் ரிம் மட்டும்தான் அப்படி, நடுப்பகுதி வார்ப்புதான். விலையையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது ஃப்ளோ ஃபார்ம்டு. எடை குறைவதால் வண்டி பறக்கும் என்று விளம்பரம் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சுழல்கிற ரிம்மில் உள்ள ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது ஒன்றரை கிலோ போலவும், டயரின் வெளிப்பகுதியில் உள்ளது ஏறத்தாழ இரண்டு கிலோ போலவும் வேலை செய்யும். இது இயற்பியல், உறுதியானது. சக்கரத்துக்கு 4 கிலோ குறைத்தால் நான்குக்கும் சேர்த்து 16, ஒன்றரையால் பெருக்கினால் 24 கிலோ. 1,700 கிலோ காரில் அது 1.5 சதவீதம்கூட இல்லை. வேகமெடுப்பதில் உங்களால் உணர முடியாது. ஆனால் மேடுபள்ளத்தில் சக்கரம் சீக்கிரம் தரைக்குத் திரும்பும். அதை நிச்சயம் உணர்வீர்கள்.

வீலின் பின்பக்கத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ, டியூவி என்ற முத்திரைகளைத் தேடுங்கள். முதலாவது ஜப்பானியத் தரத்துக்கு ஏற்பச் செய்ததாகத் தயாரிப்பாளரே சொல்வது. விஐஏ என்பது வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்தது. புகழ்பெற்ற வீலைப் பார்த்துச் செய்த நகல்களில் முத்திரையையும் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். ஆகவே விற்பவரிடம் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். தர முடியாது என்றால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

நான்கு சக்கர இயக்கம் என்பதால் இன்னொன்று. முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றளவு வேறானால் இரண்டு ஆக்ஸிலும் வேறு வேகத்தில் சுழலும், நடுவில் உள்ள கிளட்ச் அந்த வித்தியாசத்தை விடாமல் சறுக்கிச் சறுக்கித் தாங்கும், சூடாகும், தேயும். புது டயரில் ட்ரெட்டின் (தரையைத் தொடும் வரிப்பள்ளத்தின்) ஆழம் சுமார் 8 மி.மீ., தேய்ந்ததில் 3 என்றால், விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம், 1.5 சதவீதம். ஒருவர் முன்பக்கம் இரண்டு டயரை மட்டும் மாற்றிக்கொண்டு பல மாதம் ஓட்டினார். மெதுவாகத் திரும்பும்போது வண்டி விக்குகிறது என்று வந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிருந்தது. இரண்டு டயரில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவு. ஆகவே நான்கும் ஒரே அளவு, ஒரே மாடல், ஒரே நாளில். பின்பக்கம் மட்டும் அகலமாகப் போடுவதை உங்கள் காருக்கு நான் சொல்லமாட்டேன். நான்கும் ஒன்றாக இருந்தால் முன்பின் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய்க்கவும் முடியும்.

இதுவரை எழுதியதில் கணக்கும் பொருத்தமும் சுமையும் உறுதியானவை, அவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் கம்பெனி டயர் என்பதில் அந்த உறுதி இருக்க முடியாது. முதல் வகையில் உள்ள நல்ல டயர்களுக்குள் வித்தியாசம் சிறியது. ஒரே மாடல் கூட அளவு மாறினால் குணம் மாறும். ஒருவருக்கு ஸ்டீயரிங் கனமாக இருந்தால் பிடிக்கும், இன்னொருவருக்குப் பிடிக்காது. சத்தம் உங்கள் காரின் அடிப்பாகத்தையும் சாலையையும் பொறுத்தது. நானாக இருந்தால் மழையில் நம்பிக்கை தருகிற மிஷலினையோ கான்டினென்டலையோ எடுப்பேன், இரண்டில் எது புதிய தேதியில் கிடைக்கிறதோ அதை. ஆக, 18 அங்குலம் 9ஜே ஈடி 35 ஃப்ளோ ஃபார்ம்டு வீல், 255/40 ஆர்18 99ஒய் டயர். 19 என்றால் அதே 9ஜே ஈடி 35, 255/35 ஆர்19. இரண்டிலும் உள்பக்க இடத்தை அளந்த பிறகே.

மாட்டுகிற அன்று பழைய காற்றழுத்த சென்சார்கள் ஐந்தாறு வருடம் ஆனவை என்றால் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அவற்றின் பேட்டரிக்காக மறுபடி டயரைக் கழற்ற வேண்டாம். ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். போல்ட் மரையில் எண்ணெய் தடவ விடாதீர்கள், தடவினால் அதே டார்க்கில் போல்ட் அளவுக்குமேல் இழுபடும். ஏர் கன்னால் முடித்துவிடாமல் டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். பல கார்களில் அது 120 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். முதல் சில நூறு கி.மீ. புது டயரின் வழவழப்புப் போகும் வரை, குறிப்பாக மழையில், மெதுவாக ஓட்டுங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் வண்டி ஆறிய பிறகு இருபது போல்ட்டையும் மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள். அப்போதே ஃபெண்டருக்குள் கையை விட்டு உள் பிளாஸ்டிக்கில் எங்காவது பளபளவென்று உரசின தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் எந்தப் பக்கம், எந்த உயரத்தில் என்று எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.